புட்டியை மறைத்தவர்கள்: மதுவிலக்குக் கால ஊமைப்பட நகைச்சுவைக்கு ஓர் அறிமுகம்

1921இல் வந்த ‘ஹார்ட் லக்’ படத்தில், வாழ்க்கை வெறுத்துப்போனவராக வரும் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ‘விஷம்’ என்று சீட்டு ஒட்டிய ஒரு புட்டியைக் குடித்துவிடுவார். சாவு வராது, உற்சாகம்தான் வரும். உள்ளே இருந்தது விஸ்கி. யாரும் கைவைக்கக் கூடாதென்று பணியாள் ஒருவன் விஷச் சீட்டு ஒட்டி ஒளித்துவைத்த சரக்கு அது. சில விநாடிகளில் முடிந்துவிடும் இந்தக் காட்சி, அமெரிக்க மதுவிலக்குக் காலத்து ஊமைப்பட நகைச்சுவை எப்படி இயங்கியது என்பதற்கு மிகச் சுருக்கமான பாடம். புட்டியின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. அந்த வேறுபாடு படம் பார்ப்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. வசனமே இல்லாமல் சிரிப்பு பிறக்கிறது.

இந்தப் படங்களை ‘மதுவிலக்குக் காலக் குற்ற நகைச்சுவை’ என்று ஒரு தனி வகையாகப் பிரித்தது பின்னால் வந்தவர்கள். எடுத்தவர்களுக்கு அது சமகாலம், அவ்வளவுதான். ஆகவே மதுவிலக்கைப் பற்றிய படங்களைத் தேடினால் மிகக் குறைவாகவே கிடைக்கும். மதுவிலக்கு நடந்துகொண்டிருப்பதாலேயே சாத்தியமான படங்களைத் தேடினால் நிறையக் கிடைக்கும். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் எதைத் தடுத்தது, எதை விட்டுவைத்தது

அமெரிக்க அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் 1919 ஜனவரி 16 அன்று போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது. ஓராண்டு கழித்து, 1920 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை அமல்படுத்தும் விதிகளைச் சொன்னது 1919 அக்டோபரில் நிறைவேறிய வோல்ஸ்டெட் சட்டம். 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எந்தப் பானமும் போதைப்பானம் என்று அது வரையறுத்தது. பீரும் ஒயினும் தப்பிக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த அரை சதவீதம் பேரிடி. 1933 டிசம்பர் 5 அன்று 21ஆவது திருத்தம் எல்லாவற்றையும் ரத்து செய்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சட்டம் தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் தடுத்தது. குடிப்பது குற்றம் அல்ல. சென்னை மாகாணத்தில் 1937இல் வந்த மதுவிலக்குச் சட்டம் குடிப்பதையே குற்றமாக்கியது. அந்த நினைப்போடு பார்க்கிற தமிழ் வாசகருக்குப் படங்களில் வரும் நடத்தை புரியாமல் போகலாம். ஒரு பணக்காரர் தன் வீட்டில், 1920க்கு முன்பே வாங்கிவைத்ததைக் குடித்தால் சட்டம் அவரைத் தொடாது. அதே புட்டியைக் கால்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினால் அது ‘கொண்டுசெல்லுதல்’. எனவே கதாநாயகனுக்கு ஆபத்து வாயில் இல்லை, பையில் இருக்கிறது. பின்பையைத் தொட்டுத்தொட்டுப் பார்த்துக்கொள்ளும் நடிகர்களின் அசைவுக்கு இதுதான் காரணம்.

விதிவிலக்குகளும் இருந்தன. தேவாலயச் சடங்குக்கு ஒயின் உண்டு. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், ஒரு நோயாளிக்குப் பத்து நாளுக்கு ஒரு பைன்ட், அதாவது ஏறக்குறைய 473 மில்லிலிட்டர் சாராயம் மருந்துக்கடையில் கிடைக்கும். பாதிரியார், மருத்துவர், மருந்துக்கடைக்காரர் ஆகிய மூன்று மரியாதையான ஆட்களும் இப்படிச் சரக்கோடு தொடர்புள்ளவர்கள் ஆனார்கள். நகைச்சுவைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தக் கதாசிரியரும் செய்து கொடுத்திருக்க முடியாது. அதற்கு முந்தைய படங்களில் குற்றவாளி ஒருவன், மற்றவர்கள் துரத்துபவர்கள். 1920க்குப் பின் துரத்துகிறவனின் பையிலும் அதே புட்டி இருக்கலாம். சாப்ளினின் ‘தி பில்க்ரிம்’ (1923) இதைக் கச்சிதமாகப் பயன்படுத்துகிறது. சிறையிலிருந்து தப்பிய கைதி பாதிரியார் உடையில் ஓர் ஊருக்கு வருகிறான். அவனை வரவேற்கும் தேவாலய மூப்பரின் பின்பையில் ஒரு விஸ்கிப் புட்டி. போலிப் பாதிரியாரும் அசல் மூப்பரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது யார் பெரிய போலி என்ற கேள்வி எழுகிறது. வசனத்துக்குப் பதிலாகத் திரையில் வரும் எழுத்து அட்டை எதுவும் அதைக் கேட்கவில்லை.

வாசனையும் சத்தமும் இல்லாமல் சாராயத்தைக் காட்டுவது எப்படி

ஊமைப்படத்தில் மூடி திறக்கும் ஓசை கேட்காது. வாசனை எந்தப் படத்திலும் வராது. மிச்சம் இருப்பது நிறம். அதுவும் கறுப்பு வெள்ளை. 1920களின் நடுப்பகுதிவரை பெரும்பாலான படங்கள் எடுக்கப்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம், நீலத்தையும் பச்சையையும்தான் உணரும். சிவப்பு அதற்குக் கறுப்பு. தேன்நிற விஸ்கி அதில் இருண்ட திரவமாகப் பதியும், தேநீரும் அப்படியேதான் பதியும். ஜின்னும் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரியும். அதாவது திரையில் விஸ்கியைத் தேநீர் என்று சொல்லவும் முடியும், தேநீரை விஸ்கி என்று ஏமாற்றவும் முடியும். ரகசிய மதுக்கடைகளில் நிஜமாகவே தேநீர்க் கோப்பையில்தான் சரக்கு ஊற்றினார்கள் என்பதால், அந்தக் கோப்பை எளிதாகத் திரைக்கு வந்தது.

அப்படியானால் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்பவருக்கு யார் சொல்வது? குடித்தவரின் உடம்புதான் சொல்ல வேண்டும். நல்ல நடிகர்கள் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் விழுங்கியதும் ஓர் அசையாமை. அடுத்து தொண்டையில் இறங்கும் எரிச்சல் தோள்பட்டையிலோ முழங்காலிலோ வெளிப்படும். கடைசியில் முகம் மெல்ல மலரும். முதல் கட்டத்தை அவசரமாகக் கடந்துவிட்டால் சிரிப்பு வராது, ஏனென்றால் பார்வையாளர் ‘இப்போது தெரிந்துவிடும்’ என்று காத்திருக்கும் இடம் அதுதான். கீட்டன் அந்த அசையாமையை மற்றவர்களைவிடச் சற்று நீட்டுவார். ஹேரி லாங்டன் அதைவிடவும் நீட்டுவார். சில வேளை அளவுக்கு மீறியும்.

விஷச் சீட்டு நகைச்சுவைக்கு அடியில் ஒரு நிஜமான பயமும் கிடக்கிறது. 1919 கிறிஸ்துமஸ் சமயத்திலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கபீ நகரத்தில் மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலை யாரும் குடிக்காதபடி அரசு அதில் நஞ்சு சேர்க்கச் சொன்னது. அதைத் திருடிச் சுத்திகரித்து விற்பவர்கள் முழுதாகச் சுத்திகரிப்பதில்லை. ‘ஹார்ட் லக்’ பார்த்த 1921ஆம் ஆண்டுக்காரர்களுக்கு விஸ்கிப் புட்டியில் விஷம் இருக்கலாம் என்பது செய்தித்தாளில் படித்த விஷயம். விஷப் புட்டியில் விஸ்கி இருப்பது அந்தச் செய்தியைத் தலைகீழாகத் திருப்பிய நகைச்சுவை. நாம் இன்று பாதிச் சிரிப்புதான் சிரிக்கிறோம்.

வீட்டுக் காய்ச்சலும் ஈஸ்டும்

1920–22ஆம் ஆண்டுப் படங்களில் துப்பாக்கிக் கும்பல்களை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். அந்த ஆண்டுகளின் குற்றவாளி, வீட்டுச் சமையலறையில் பீர் ஊறப்போடும் சாதாரண மனிதர். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் பாகு மளிகைக் கடையில் டின்னில் வெளிப்படையாக விற்றது. அதில் சர்க்கரையும் தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்து வைத்தால் சில நாளில் பீர். ஹெரால்ட் லாயிடின் ‘ஹை அண்ட் டிஸ்ஸி’ (1920 ஜூலை) சட்டம் வந்து ஆறே மாதத்தில் வெளியானது: நோயாளியே வராத ஓர் இளம் மருத்துவர், நண்பர் ரகசியமாகத் தயாரித்த சரக்கைக் குடித்துவிட்டு ஓர் ஓட்டல் கட்டடத்தின் வெளிவிளிம்பில் போய் நிற்கிறார். அங்கே தூக்கத்தில் நடக்கும் ஒரு பெண். லாயிடின் புகழ்பெற்ற உயரக் காட்சிகளுக்கு முன்னோடிகளில் ஒன்று இது.

கீட்டனின் ‘மை ஒய்ஃப்ஸ் ரிலேஷன்ஸ்’ (1922) படத்தில் வீட்டுக் காய்ச்சல்தான் உச்சகட்டம். ஈஸ்ட் அளவு மீறிவிட, நுரை பொங்கிச் சமையலறையை நிரப்பி அடுத்த அறைக்குள் வழிகிறது. இது எவ்வளவு உண்மை? ஈஸ்ட் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அறை வெப்பநிலையில் அது கால் லிட்டர் வாயு. ஒரு கிலோ சர்க்கரைக்குக் கணக்குப் போட்டால் 250 லிட்டருக்கு மேல் போகும். நொதிக்கும் பாத்திரம் திறந்திருந்தால் அந்த வாயு நாள்கணக்கில் சிறிதுசிறிதாக வெளியேறிவிடும். நொதித்து முடியும் முன்பே புட்டியில் அடைத்துவிட்டால் வெளியேற வழியின்றி மூடி பறக்கும், அல்லது கண்ணாடி வெடிக்கும். வீட்டில் காய்ச்சியவர்கள் இரவில் நிலவறையிலிருந்து கேட்ட சத்தம் அதுதான்.

நுட்பமாகப் பார்த்தால், மொத்த வாயுவின் அளவைத் தீர்மானிப்பது சர்க்கரை; ஈஸ்ட் கூடினால் வேகம்தான் கூடும். அந்த வேகத்தைத்தான் கீட்டன் பெரிதாக்கிக் காட்டுகிறார். அன்றைய பார்வையாளரில் பலர் இதைத் தங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தவர்கள். அவர்கள் நுரையைக் கண்டு சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுக்காரன் வாசனை பிடித்துவிடுவானோ என்ற சொந்தக் கவலையும் இருந்தது.

ரகசியக் கடையின் கதவு

தெருவைப் பார்த்தபடி வெளிப்படையாக இயங்கும் பார், முன்னே பித்தளைக் கால்தாங்கி, ஆண்கள் மட்டும்: இப்படி ஒரு மதுக்கடை திரையில் வந்தால் பெரும்பாலும் அது 1920க்கு முந்தைய படம், அல்லது முந்தைய காலத்தில் நடக்கும் கதை. கதவில் ஒரு சின்னத் திறப்பு, அதில் ஒரு கண், கேட்கும் ரகசியச் சொல், உள்ளே ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் என்றால் அது மதுவிலக்குக் காலம். பெண்கள் சகஜமாக வந்து உட்கார்ந்தது பழைய சலூன்களில் இல்லாத மாற்றம். படங்கள் அதை உடனே பிடித்துக்கொண்டன.

சார்லி சேஸின் ‘ஃப்ளட்டரிங் ஹார்ட்ஸ்’ (1927) இந்தக் கதவை வைத்தே பின்பாதியைக் கட்டியிருக்கிறது. இரண்டே ரீல், அதாவது அரைமணிக்குள் முடியும் குறும்படம். காதலியின் தந்தை எழுதிய வில்லங்கமான கடிதம் ஒன்று ஒரு முரடனிடம் இருக்கிறது; முரடனாக வருபவர் ஆலிவர் ஹார்டி. அவன் இருப்பது ரகசிய மதுக்கடையில். ஜோடியாகப் பெண் இல்லாமல் ஆண்களை அங்கே விடமாட்டார்கள். சேஸ் ஒரு கடைப் பொம்மையைப் பெண்ணாக்கி உள்ளே கொண்டுபோகிறார். பின்னால் ஒளிந்துகொண்டு பொம்மையின் கையை ஆட்டி, ஹார்டியோடு சல்லாபிக்க வைத்துக் கடிதத்தை உருவப் பார்க்கிறார். பொம்மை தள்ளாடினால் போதையில் இருக்கிறாள் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண ஓட்டலில் இந்தக் காட்சி ஒரு நிமிடம்கூட நிற்காது. எல்லாரும் ஓரளவு மயங்கியிருக்கும், யாரும் யாரையும் உற்றுப் பார்க்கக் கூடாத இடம் என்பதால்தான் நம்பும்படி இருக்கிறது. இடத்தின் விதியே தந்திரத்தைக் காப்பாற்றுகிறது. இந்த வகையின் ஆகச்சிறந்த இரண்டு ரீல் உதாரணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

‘தி ஸ்ட்ராங் மேன்’: முழுநீளத்தில் ஒரு முறை

ஒரு முழுநீளப் படம் மட்டும் பார்க்க நேரம் இருந்தால் ஹேரி லாங்டனின் ‘தி ஸ்ட்ராங் மேன்’ (1926) பாருங்கள். ஃபிராங்க் காப்ரா இயக்கிய முதல் முழுநீளப் படம். முதல் உலகப் போரில் ஒரு பெல்ஜியச் சிப்பாய். அமெரிக்காவிலிருந்து கடிதம் எழுதும் மேரி பிரவுன் என்ற பெண்ணின் மேல் அவனுக்குக் காதல். போர் முடிந்து, ஸாண்டோ என்ற பயில்வானின் உதவியாளாக அமெரிக்கா வந்து அவளைத் தேடுகிறான்.

குற்றத்தின் இரண்டு அளவுகள் இந்தப் படத்தில் உண்டு. முதற்பாதியில் சிறிய அளவு. துப்பறிவாளன் ஒருவன் பின்தொடர்வதைக் கண்ட ஒரு திருடி, பணக்கட்டை அப்பாவி லாங்டனின் சட்டைப்பையில் போட்டுவிடுகிறாள். அது உள்துணிக்குள் நழுவிவிடுகிறது. திரும்ப எடுக்க வேண்டுமானால் அவனை எங்காவது தனியாக அழைத்துப் போக வேண்டும். அதற்காக மேரி பிரவுன் நான்தான் என்கிறாள். பணம் இருப்பது தெரியாத ஒருவனும் அதைத் தவிர வேறெதையும் நினைக்காத ஒருத்தியும் ஒரே அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். அவள் தன்மேல் பாய்வது எதற்கென்று அவனுக்கு வேறு அர்த்தம் தோன்றுகிறது.

பிற்பாதியில் பெரிய அளவு. மேரியின் ஊரான க்ளோவர்டேல் ஒரு காலத்தில் அமைதியான ஊர். கள்ளச்சாராயக் கும்பல் வந்து எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிட்டது. ஊரின் நடுவே வெளிப்படையாக ஒரு கேளிக்கை மண்டபம். சட்டம் அங்கே செத்துக் கிடக்கிறது. மேரி பார்வையற்றவள், அவள் தந்தையான பாதிரியார் ஊர் மக்களைத் திரட்டி, விவிலியத்தில் எரிகோ நகரத்தின் மதில் இடிந்து விழும்வரை அதைச் சுற்றி வந்ததுபோல மண்டபத்தைச் சுற்றி ஊர்வலம் போகிறார். உள்ளே பயில்வான் ஸாண்டோ குடித்து மட்டையாகிவிட, அவனுக்குப் பதிலாகப் பலமே இல்லாத லாங்டன் மேடையேற வேண்டியதாகிறது. கூட்டம் மேரியை இழிவாகப் பேச, அவர் பொங்கி எழுந்து, மேடையில் இருக்கும் பீரங்கியை அவர்கள் பக்கமே திருப்புகிறார். சுவர்கள் இடிகின்றன.

திட்டமிடலைக் கவனியுங்கள். சாராயம் மூன்று இடங்களில் கதையைத் தள்ளுகிறது: ஊரைக் கெடுத்தது, பயில்வானை வீழ்த்தியது, கூட்டத்தை வெறிபிடிக்க வைத்தது. மூன்றில் ஒன்றை உருவினாலும் முடிவு நிற்காது. பின்பையில் ஒரு புட்டியைக் காட்டிச் சிரிக்கவைத்துவிட்டு நகரும் படங்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான். ஒரு படம் நல்ல மதுவிலக்குக் கால நகைச்சுவையா என்று சோதிக்க எளிய வழி: அதே கதையை 1915இல் நடப்பதாக மாற்றிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் சாராயம் அதில் வெறும் அலங்காரம். இந்தச் சோதனையில் லாயிடின் ‘ஃபார் ஹெவன்ஸ் சேக்’ (1926) பாதிதான் தேறும். ஏழைகளுக்கான சமயப்பணி நிலையத்துக்கு ஆள் சேர்க்க, ரவுடிகளை வேண்டுமென்றே வம்புக்கிழுத்துத் தன்னைத் துரத்த வைத்துக் கூட்டமாக உள்ளே ஓட்டிவரும் காட்சி அபாரம்தான். ஆனால் அதற்கு மதுவிலக்கு தேவையில்லை. போதையில் தள்ளாடும் ஐவரைத் தன் கல்யாணத்துக்குக் கூட்டிச்செல்லும் கடைசி ஓட்டமும் அப்படித்தான். ஆனால் அந்த ஓட்டத்தின் இரட்டைமாடிப் பேருந்துக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

போலீசும் தணிக்கையும்

நாடு முழுவதற்கும் தொடக்கத்தில் சுமார் 1,500 மதுவிலக்கு முகவர்கள்தான் இருந்தார்கள். அவர்களில் இருவர் நிஜமாகவே நகைச்சுவை ஜோடிபோல இயங்கினார்கள். நியூயார்க்கில் 1920 முதல் 1925 வரை வேலை பார்த்த இஸி ஐன்ஸ்டைனும் மோ ஸ்மித்தும் குழி வெட்டுபவர், மீனவர், இசைக்கலைஞர் என்று வேஷம்போட்டுக் கடைக்குள் நுழைவார்கள். வாங்கிய சரக்கு நீதிமன்றத்தில் சாட்சியாக வேண்டும். குடித்துவிட்டால் சாட்சி போய்விடும். அதற்காக இஸி உள்சட்டைப் பையில் ஒரு புனலைத் தைத்து, அதைக் குழாயால் மறைவான புட்டியோடு இணைத்திருந்தார். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மீதியைப் புனலில் ஊற்றிவிடுவார். இருவரும் சேர்ந்து 4,900க்கு மேற்பட்டவர்களைக் கைதுசெய்ததாகக் கணக்கு. இவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் விடாமல் எழுதியதால், திரையில் வேஷம்போட்ட அதிகாரி வரும்போது பார்வையாளர் யாரும் அதை மிகையாக நினைக்கவில்லை.

லஞ்சம் வாங்கும் போலீஸைக் காட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. 1915இல் உச்ச நீதிமன்றம் திரைப்படத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்திருந்தது. பென்சில்வேனியா, ஒஹையோ, கன்சஸ், மேரிலாந்து, பிறகு 1921இல் நியூயார்க், 1922இல் வர்ஜீனியா என்று மாநிலத் தணிக்கை வாரியங்கள் விரும்பியதை வெட்டலாம். 1927இல் தயாரிப்பாளர் சங்கமே 11 ‘கூடாது’களையும் 25 ‘கவனம்’களையும் பட்டியலிட்டது, கடத்தல் முறைகள், குற்றவாளிமேல் அனுதாபம் இரண்டும் ‘கவனம்’ பகுதியில் இருந்தன. ஆகவே படக்காரர்கள் ஒரு மாற்றுவழி கண்டார்கள்: லஞ்சம் வாங்குபவன் அசல் போலீஸ் அல்ல, போலீஸ் வேஷம் போட்ட திருடன். ‘பாத்ஸ் டு பாரடைஸ்’ (1925) படத்தின் தொடக்கம் அப்படித்தான். சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றும் ஒரு கும்பலிடம் ரேமண்ட் கிரிஃபித் அப்பாவிப் பயணியாக வந்து, பிறகு துப்பறிவாளராக மாறி, அவர்கள் நீட்டும் மாமூலை வாங்கிக்கொண்டு மறைகிறார். கும்பலுக்குச் சிறிதும் சந்தேகம் வரவில்லை. போலீஸ் பணம் வாங்கியதே அவன் அசல் போலீஸ் என்பதற்கு அத்தாட்சி. தணிக்கைக்காரர் கைவைக்க இடமில்லாமல் அந்தக் காலத்துக் காவல்துறையைப் பற்றி இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது. இந்தப் படம் சைனாடவுனில் தொடங்குகிறது. அங்கே சீனர்களைக் காட்டும் விதம் இன்று பார்க்கக் கசப்பானது; அந்தக் கால ஹாலிவுட் முழுவதும் பரவியிருந்த கேடு அது.

சிரிப்பு எப்போது மாறியது

1927இல் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க்கின் ‘அண்டர்வேர்ல்ட்’ வந்தது. நகைச்சுவை அல்ல, சிகாகோ செய்தியாளராக இருந்த பென் ஹெக்ட் எழுதிய கும்பல் கதை. மூலக்கதைக்கான முதல் ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. இதில் ஒரு சிறு வேடத்தில் வருபவர் லாரி ஸீமன், அதுவரை துரத்தல் நகைச்சுவைகளால் புகழ்பெற்றிருந்தவர். கும்பல் தலைவன் கம்பீரமானவன், துயரமானவன் என்று திரை சொல்லத் தொடங்கியதும், சமையலறையில் பீர் காய்ச்சும் சாதாரண மனிதருக்கு இடம் சுருங்கியது. 1928 ஜூலையில் வந்த ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’ முழுவதும் பேசும் முதல் முழுநீளப் படம். அதுவும் கள்ளச்சாராயக் கதைதான். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் போலீஸ் உடையும் அணிந்து வந்த ஆட்கள் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். வேஷம் போட்ட போலீஸ் என்ற நகைச்சுவை அதற்குப் பின் பழையபடி லேசாக இருக்க முடியவில்லை.

சாப்ளின் மட்டும் 1931இலும் ஊமையாகவே நின்றார். ‘சிட்டி லைட்ஸ்’ படத்துக் கோடீஸ்வரர் போதையில் இருந்தால்தான் சார்லியை நண்பனாக அடையாளம் காண்பார். தெளிந்ததும் யாரென்றே தெரியாது. சார்லி சிறைக்குப் போவதும் அந்த மறதியால்தான். மதுவிலக்கு இன்னும் அமலில் இருந்த ஆண்டு அது. படத்தில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பணக்காரர்களுக்குச் சட்டம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதற்கு அந்த மௌனம் போதும்.

பார்ப்பதற்கு முன்

இந்தப் படங்களைப் பார்க்கும்போது கெடுவது பெரும்பாலும் வேகம். ஒரு ரீல் 1,000 அடி. அடிக்கு 16 சட்டகம் (ஃப்ரேம்). ஆக 16,000 சட்டகம். விநாடிக்கு 16 வீதம் ஓட்டினால் 16 நிமிடம் 40 விநாடி. 20 வீதம் என்றால் 13 நிமிடம் 20 விநாடி. பேசும்படத்தின் 24 வீதம் என்றால் 11 நிமிடம் 7 விநாடி. இணையத்தில் கிடைக்கும் பழைய பிரதிகள் பல, 24இல் ஓட்டிப் பதிவு செய்தவை. எல்லாரும் துள்ளித்துள்ளி ஓடினால், சண்டைக் காட்சியில் மட்டுமல்ல சாதாரணமாக நடக்கும்போதும் அப்படி இருந்தால், பிரதி வேகமாக ஓடுகிறது என்று பொருள். இசையை நிறுத்திவிட்டு 0.8 மடங்கு வேகத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே இறக்க வேண்டாம். நகைச்சுவைப் படங்களை எடுத்த வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஓட்டிக் காட்டுவதே அன்றைய வழக்கம். துரத்தல் காட்சிகள் திரையில் இன்னும் வேகமாகத் தெரிய, கேமராக்காரர் படமெடுக்கும்போது கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றியும் இருப்பார். முழுக்க இயல்பான நடையாக ஆக்கிவிட்டால் குடிகாரனின் தள்ளாட்டம் நோயாளியின் தள்ளாட்டமாகிவிடும்.

இரண்டாவது, சாயம். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்துவிட்டு, பிரதியை நீலத்தில் தோய்ப்பது அன்றைய முறை. வெறும் கறுப்பு வெள்ளையில் படியெடுத்த பிரதிகளில் அந்த நீலம் போய்விடும். பட்டப்பகலில் ஒருவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கித் திருடப்போனால் அது இரவு என்று நீங்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குபவர்கள் ‘ஹை அண்ட் டிஸ்ஸி’, ‘மை ஒய்ஃப்ஸ் ரிலேஷன்ஸ்’, ‘ஃப்ளட்டரிங் ஹார்ட்ஸ்’ மூன்றையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்குள் முடியும். அடுத்து ‘தி பில்க்ரிம்’. அதன்பின் ‘தி ஸ்ட்ராங் மேன்’. கடைசியாக ‘பாத்ஸ் டு பாரடைஸ்’. 1928வரை வெளியான அமெரிக்கப் படங்களின் பதிப்புரிமை அந்நாட்டில் முடிந்துவிட்டதால் இவை சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன.

‘பாத்ஸ் டு பாரடைஸ்’ பற்றி ஒன்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்: அதன் கடைசி ரீல் கிடைக்கவில்லை. மோட்டார்சைக்கிள் போலீஸ் படை துரத்த, திருட்டு நெக்லஸோடு காதலர்கள் மெக்சிகோ எல்லையை நோக்கிக் காரில் பறக்கிறார்கள்; எல்லையைத் தாண்டுகிறார்கள்; இன்றிருக்கும் பிரதி அங்கே முடிந்துவிடுகிறது. தொலைந்த ரீலில் அவர்கள் மனம் மாறி நகையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். குற்றவாளி தப்பக் கூடாது என்ற எதிர்பார்ப்புக்குக் கட்டுப்பட்ட பகுதி அழிந்துபோய், திருடர்கள் ஜெயிக்கும் படமாக அது இன்று ஓடிக்கொண்டிருக்கிறது.